உயர் பதவியை விட்டுப் பாடசாலைக்கு வந்த அறிஞர் அஸீஸ்

1948ஆம் ஆண்டு இலங்கை சுதந்திரம் பெற்றது. வெள்ளைக்கார அதிகாரிகள் ஒவ்வொருவராகக் கப்பலேறிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் விட்டுச் சென்ற நாற்காலிகளில் அமரும் வாய்ப்பு, சிவில் சேவையில் இருந்த இலங்கையர்களுக்குத் திறந்தது. இனித் திணைக்களங்களும் அமைச்சுகளும் அவர்கள் கையில்தான். சரியாக அந்த ஆண்டில், இலங்கை சிவில் சேவையில் சேர்ந்த முதலாவது முஸ்லிம், 37 வயதுகூட நிறையாத ஒருவர், அந்தச் சேவையிலிருந்து விலகி மருதானையில் ஒரு பாடசாலைக்கு அதிபராகப் போனார். அவர்தான் அறிஞர் ஏ.எம்.ஏ. அஸீஸ். அந்தப் பாடசாலை கொழும்பு ஸாஹிராக் கல்லூரி.

அந்த முடிவின் கனம் இன்றைய பிள்ளைகளுக்கு எளிதில் புரியாது. அந்தக் காலத்தில் சிவில் சேவை என்றால் அதற்கு மேல் ஒன்றுமில்லை. நாடு முழுவதிலும் விரல்விட்டு எண்ணக்கூடிய சிலரே ஒவ்வோர் ஆண்டும் அதற்குத் தெரிவானார்கள். அரசாங்க அதிபர் ஒருவர் ஊருக்கு வருகிறார் என்றால் தெருவே கூட்டிப் பெருக்கப்படும். நம் சமூகத்தில் வியாபாரிகள் இருந்தார்கள், சில சட்டத்தரணிகள் இருந்தார்கள், சட்டசபையில் உறுப்பினர்களும் இருந்தார்கள். ஆனால் 1935இல் அஸீஸ் அவர்கள் சேரும்வரை அந்தச் சேவைக்குள் ஒரு முஸ்லிம்கூட இருக்கவில்லை. பதின்மூன்று ஆண்டுகள் அதில் இருந்துவிட்டு, ஏறவேண்டிய படிகள் எல்லாம் கண்முன்னே தெரிந்த வேளையில், அவர் இறங்கி வந்தார். ஏன் வந்தார் என்பதைத்தான் இங்கே எழுத விரும்புகிறேன். பதவிகளின் பட்டியலைப் பலரும் பலமுறை எழுதிவிட்டார்கள்.

அபூபக்கர் முஹம்மது அப்துல் அஸீஸ் 1911 ஒக்டோபர் 4ஆம் திகதி யாழ்ப்பாணம் வண்ணார்பண்ணையில் பிறந்தார். தந்தை எஸ்.எம். அபூபக்கர் சட்டத்தரணி. ஊரில் மதிப்புள்ள குடும்பம். சோனகத் தெருப் பிள்ளைகள் எல்லோரையும் போல முதலில் குர்ஆன் ஓதப் போனார். அதன்பின் இராமகிருஷ்ண மிஷன் நடத்திய வைத்தீஸ்வர வித்தியாலயத்திலும், பிறகு யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரியிலும் படித்தார். சைவப் பாடசாலையில் படித்ததனால் மார்க்கம் போய்விடவில்லை. மாறாக, அங்கே அவர் பெற்ற தமிழ் கடைசிவரை அவரோடு இருந்தது. பின்னாளில் முஸ்லிம்களின் தாய்மொழி எது என்று பெரிய சர்ச்சை எழுந்தபோது, தமிழே என்று ஆதாரங்களோடு எழுத அவரால் முடிந்ததற்கு அந்த வகுப்பறைகள்தான் காரணம் என்பது என் எண்ணம்.

கொழும்பு பல்கலைக்கழகக் கல்லூரியில் வரலாறு படித்து 1933இல் பட்டம் பெற்றார். மேற்படிப்புக்காகக் கேம்பிரிட்ஜுக்குப் போனார். அங்கே நீண்டகாலம் இருக்கவில்லை. சிவில் சேவைப் பரீட்சையில் சித்தியடைந்த செய்தி கிடைத்ததும் நாடு திரும்பிவிட்டார்.

இதுவரை இது ஒரு கெட்டிக்காரப் பிள்ளையின் கதை மட்டுமே. கெட்டிக்காரர்கள் எல்லாக் காலத்திலும் இருக்கிறார்கள். அவர்களில் பலர் தாம் ஏறிய பின் ஏணியைத் திரும்பிப் பார்ப்பதில்லை. அஸீஸ் அவர்களைத் திரும்பிப் பார்க்க வைத்த இடம் கல்முனை.

1942இல் ஜப்பானியப் படை பர்மாவைப் பிடித்தது. இலங்கைக்கு வேண்டிய அரிசியில் பெரும்பகுதி வெளியிலிருந்து, முக்கியமாகப் பர்மாவிலிருந்து வந்துகொண்டிருந்தது. அது நின்றது. ஏப்ரல் 5ஆம் திகதி கொழும்பிலும் 9ஆம் திகதி திருகோணமலையிலும் ஜப்பானிய விமானங்கள் குண்டு போட்டன. நாட்டுக்குச் சோறு வேண்டும். கிழக்கில் வயல் இருந்தது, காடாகக் கிடந்த அரச காணியும் இருந்தது. அந்த ஏப்ரலிலேயே கல்முனையில் ஓர் அவசரகாலக் கச்சேரி திறக்கப்பட்டு, அதற்கு உதவி அரசாங்க அதிபராக அஸீஸ் அவர்கள் அனுப்பப்பட்டார். அப்போது அம்பாறை மாவட்டம் என்று ஒன்று இல்லை. எல்லாம் மட்டக்களப்போடு சேர்ந்திருந்தது. தென்பகுதி மக்கள் ஒரு கையெழுத்துக்காக மட்டக்களப்புவரை போகவேண்டிய காலம் அது.

அவர் அங்கே இருந்தது ஓர் ஆண்டுக்கும் குறைவு. அதற்குள் காணிகள் துப்புரவாக்கப்பட்டு விவசாயிகளுக்குக் கிடைத்தன, நெல் விளைந்தது. இன்றும் அந்தப் பக்கத்து விவசாயக் குடும்பங்களில் அஸீஸ் துரை என்ற பெயரை வயதானவர்கள் நன்றியோடு சொல்வார்கள். ஆனால் நெல்லைவிட அவர் மனதைப் பிடித்துக்கொண்டது வேறொன்று. அவர் பார்த்த ஊர்களில் வயல் வேலை தெரிந்த பிள்ளைகள் இருந்தார்கள், கடல் வேலை தெரிந்த பிள்ளைகள் இருந்தார்கள். அவர்களுள் படிப்பில் சூட்டிகையானவர்களும் இருந்தார்கள். ஆனால் ஐந்தாம் வகுப்போ எட்டாம் வகுப்போ முடிந்ததும் பாதை நின்றுவிடும். மேலே படிக்க வேண்டுமென்றால் ஆங்கிலப் பாடசாலை இருக்கும் நகரத்துக்குப் போகவேண்டும். போனால் கட்டணம், விடுதிச் செலவு, உடுப்பு, கொப்பி, போக்குவரத்து. ஒரு போகம் விளைச்சல் பொய்த்தால் அடுத்த போகத்துக்கு விதைநெல் கடன் வாங்கும் வாப்பாவுக்கு அது கனவில்கூட வராத செலவு.

யாழ்ப்பாணத்துச் சட்டத்தரணியின் மகனுக்குக் கிடைத்தது கல்முனை வட்டாரத்து விவசாயியின் மகனுக்குக் கிடைக்கவில்லை. மூளையில் வித்தியாசமில்லை. பிறந்த வீட்டில்தான் வித்தியாசம். அதிகாரியாக வந்தவர் இதைக் கண்டு அறிக்கை ஒன்று எழுதிவிட்டுப் போயிருக்கலாம். அவர் அங்கே இருந்தபோதே ஊர்ப் பெரியவர்களைச் சேர்த்துக் கல்முனை முஸ்லிம் கல்விச் சங்கத்தை அமைத்தார். வசதியற்ற பிள்ளைகள் மேலே படிக்கப் பணம் சேர்க்கும் சங்கம் அது. அந்த நாட்களில்தான் காரைதீவு தந்த சுவாமி விபுலாநந்தரோடும், காத்தான்குடிக் கவிஞர் அப்துல் காதர் லெப்பையோடும் அவருக்கு நெருக்கம் உண்டானது. சோனகத் தெருப் பிள்ளைக்குச் சைவத் துறவியோடு பேச நிறைய இருந்தது. இரண்டு பேருக்கும் தமிழும் கல்வியும் பொதுவான விஷயங்கள்.

கல்முனையிலிருந்து கண்டிக்கும், பிறகு கொழும்புக்கும் மாற்றம் கிடைத்தது. ஊரைவிட்டு மாறினாலும் அந்த யோசனை அவரை விடவில்லை. ஒரு வட்டாரத்தில் செய்ததை நாடு முழுவதற்கும் ஏன் செய்யக்கூடாது என்று கேட்டார். 1945 மே மாதத்தில் இலங்கை முஸ்லிம் கல்விச் சகாய நிதி உருவானது.

இந்த 1945 என்ற ஆண்டைச் சற்று நிதானித்துப் பார்க்க வேண்டும். அதே ஆண்டு ஒக்டோபர் 1ஆம் திகதிதான் கன்னங்கரா அவர்களின் இலவசக் கல்வித் திட்டம் நடைமுறைக்கு வந்தது. பாலர் வகுப்பிலிருந்து பல்கலைக்கழகம்வரை கட்டணமில்லை. ஆசியாவில் பல நாடுகள் நினைத்தும் பார்க்காத உரிமை அது. நான் ஆசிரியர் கலாசாலையில் பயிற்சி பெற்றபோது கல்வி வரலாற்றுப் பாடத்தில் கன்னங்கரா அவர்களைப் பற்றிப் பக்கம் பக்கமாகக் குறிப்பெடுத்தோம். அது சரியே, அவருக்கு இந்த நாட்டில் படித்த ஒவ்வொருவரும் கடன்பட்டிருக்கிறார்கள். ஆனால் அதே ஆண்டு, அந்த உரிமை கைக்கு எட்டாத பிள்ளைகளுக்காகத் தொடங்கப்பட்ட இந்த நிதியைப் பற்றி ஒரு வரியும் எங்கள் குறிப்பில் இருக்கவில்லை.

உரிமை சட்டத்தில் வந்துவிட்டது. கட்டணம் போய்விட்டது. ஆனால் விடுதியில் சாப்பிடக் காசு வேண்டும். சப்பாத்து வேண்டும். பல்கலைக்கழகம் கொழும்பிலும், பின்னர் பேராதனையிலும் இருந்தது, அங்கே போய்வர ரயில் காசு வேண்டும். வீட்டில் மூத்த பையன் படிக்கப் போனால் அவன் உழைத்துத் தரவேண்டிய காசும் இல்லாமல் போகும். சட்டம் திறந்த கதவுக்கும் பிள்ளையின் வீட்டு வாசலுக்கும் இடையே இவ்வளவு தூரம் இருந்தது. அந்தத் தூரத்தைக் கடக்க வைப்பது அரசாங்கத்தின் வேலை மட்டுமல்ல, சமூகத்தின் வேலையும் என்று அஸீஸ் அவர்கள் நம்பினார். நம்பியதோடு நிற்காமல் செல்வந்தர்களின் வாசலுக்குப் போனார். சிவில் சேவை அதிகாரி ஒருவர் பிறர் பிள்ளைகளுக்காக நிதி கேட்டுப் போவது அந்தக் காலத்தில் எளிதான காரியமாக இருந்திருக்காது. அந்த உதவியால் படித்தவர்கள் மருத்துவர்களாகவும் பொறியியலாளர்களாகவும் நிர்வாகிகளாகவும் ஆசிரியர்களாகவும் வந்தார்கள். அவர்களுடைய பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இன்று நல்ல நிலையில் இருக்கிறார்கள். அந்தக் குடும்பங்கள் சிலவற்றில் இந்த நிதியின் பெயர்கூட மறந்துபோயிருக்கும்.

இனி 1948க்கு வருவோம். ஸாஹிரா ஏற்கெனவே ஒரு பெரிய வரலாறுள்ள இடம். அறிஞர் சித்திலெப்பை, நாடுகடத்தப்பட்டு வந்த எகிப்தின் ஒராபி பாஷா, வாப்பிச்சி மரைக்கார் ஆகியோரின் முயற்சியில் 1892இல் தொடங்கியது. 1921இல் டி.பி. ஜாயா அவர்கள் பொறுப்பேற்று 27 ஆண்டுகள் அதற்காக உழைத்தார். ஜாயா அவர்கள் முதலாவது அமைச்சரவையில் தொழில், சமூக சேவைகள் அமைச்சராகிவிட்ட நிலையில், அதிபர் பதவிக்கு ஓர் ஆள் வேண்டியிருந்தது. கல்லூரி தொடங்கிய அதே ஓகஸ்ட் மாதத்தில் அஸீஸ் அவர்கள் பொறுப்பேற்றார்.

நிதி சேர்த்துக் கொடுத்தால் போதாது, அந்தப் பிள்ளைகள் வந்து தங்கிப் படிக்க ஓர் இடமும் வேண்டும் என்று அவர் எண்ணியிருக்க வேண்டும். ஸாஹிராவை அவர் கொழும்புப் பிள்ளைகளின் பாடசாலையாக மட்டும் நினைக்கவில்லை. கிழக்கிலிருந்தும் வடக்கிலிருந்தும் மலையகத்திலிருந்தும் தெற்கிலிருந்தும் பிள்ளைகள் விடுதிக்கு வந்தார்கள். பல்கலைக்கழகத்துக்குப் போகும் முஸ்லிம்களின் தொகை கூடியது. முஸ்லிம்கள் மட்டும் படித்த இடமும் அல்ல அது. பேராசிரியர் கார்த்திகேசு சிவத்தம்பி ஸாஹிராவின் மாணவர், பின்னர் பல்கலைக்கழகப் படிப்பை முடித்து அங்கேயே ஆசிரியராகவும் இருந்தார். தமிழ் இலக்கியத்தை ஆழமாகப் படிப்பதற்கு அந்த நாளில் கொழும்பில் ஸாஹிராவைப் போல இன்னோர் இடம் கிடைத்திருக்குமா என்பது சந்தேகம்தான்.

ஒரு பாடசாலைக்குள் வாழ்க்கையைக் கழித்தவள் என்ற முறையில் எனக்கு ஒன்று தெரியும். அதிபருடைய வேலையில் பெரும்பகுதி வெளியே தெரியாது. நேரசூசி, ஆசிரியர் பற்றாக்குறை, கூரை ஒழுக்கு, கட்டணம் கட்டாத விடுதிப் பிள்ளை, கோபத்தோடு வரும் பெற்றோர். நேற்றுவரை ஒரு மாவட்டத்தையே நிர்வகித்தவர் இதற்குள் வந்து பதின்மூன்று ஆண்டுகள் இருந்தார். சிவில் சேவையில் இருந்ததும் பதின்மூன்று ஆண்டுகள், ஸாஹிராவில் இருந்ததும் பதின்மூன்று ஆண்டுகள். ஆனால் அவரை நினைப்பவர்கள் முதலில் சொல்வது ஸாஹிரா அதிபர் என்றுதான்.

அதிபராக இருந்தபோதே 1950இல் அகில இலங்கை வை.எம்.எம்.ஏ. பேரவையை உருவாக்கினார். ஊர் ஊராக இருந்த வாலிபர் சங்கங்களை ஒன்றாக இணைத்த வேலை அது. 1952இல் செனட் சபைக்கு நியமிக்கப்பட்டார். அங்கே 1963வரை இருந்தார். செனட் காலத்தில் ஒரு சம்பவத்தை மட்டும் சொல்ல வேண்டும். 1956இல் தேர்தல் நெருங்கியபோது ஐக்கிய தேசியக் கட்சி, சிங்களமும் தமிழும் என்ற தன் முந்திய நிலையைக் கைவிட்டுச் சிங்களம் மட்டும் என்று மாறியது. அந்தக் கட்சியோடு இருந்த அஸீஸ் அவர்கள் அதிலிருந்து விலகினார். கொழும்பில் பெரிய பாடசாலையை நடத்துபவருக்கு ஆளும் கட்சியின் தயவு எவ்வளவு தேவை என்பது எல்லோருக்கும் தெரியும். அப்போது மௌனமாக இருந்தவர்கள் பலர், அவர்களுக்கு ஆயிரம் நியாயங்கள் இருந்திருக்கும். அவர் 1940களின் தொடக்கத்திலேயே தமிழ் முஸ்லிம்களின் தாய்மொழி என்று எழுதியவர். எழுதியதற்குக் கட்டுப்பட்டார். வீட்டில் பேசும் மொழியில் பிள்ளை படிப்பதும் உரிமை என்பது அவருக்கு வெறும் மேடைப் பேச்சு அல்ல, கல்முனையில் கண்ணால் கண்ட விஷயம்.

1960, 1961 ஆண்டுகளில் உதவி பெறும் பாடசாலைகள் அரசின் கைக்குப் போயின. 1961இல் அவர் ஸாஹிராவிலிருந்து விலகினார். அதன்பின் எழுத்துக்கு நேரம் கிடைத்தது. இலங்கையில் இஸ்லாம் என்ற நூல் 1963இல் வந்து சாகித்தியப் பரிசு பெற்றது. எகிப்துப் பயணம் மிஸ்ரின் வசியம் ஆனது, கிழக்காபிரிக்கப் பயணமும் நூலானது. இந்தப் பயண நூல்களை இப்போது தேடிப் பிடிப்பது கடினம். பாடசாலை நூலகத்தில் எங்காவது பழைய பிரதி கிடந்தால் ஆசிரியர்கள் எடுத்து உயர்தர வகுப்புக்கு வாசித்துக் காட்டலாம். வெளிநாட்டைப் பார்த்து வாய் பிளந்து நிற்காமல், அங்கே உள்ள முஸ்லிம்கள் எப்படிப் படிக்கிறார்கள், எப்படி வாழ்கிறார்கள் என்று பார்க்கும் கண் அவருடையது.

ஜனவரியில் பாடசாலை தொடங்கும்போது வகுப்பில் இலவசப் பாடநூல்களைக் கொடுக்கிறோம். சீருடைத் துணி வருகிறது. பல்கலைக்கழகம் போனால் மஹாபொல இருக்கிறது. 1980இலிருந்து பாடநூலும், 1993இலிருந்து சீருடையும் வந்துகொண்டிருப்பதால் இவையெல்லாம் மழை வெயில் போல எப்போதும் இருந்தவை என்றே பிள்ளைகள் நினைக்கிறார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது, நாம் சொல்லிக் கொடுக்கவில்லை. மனிதர்களுக்கு நன்றி செலுத்தாதவர் அல்லாஹ்வுக்கும் நன்றி செலுத்தியவராகமாட்டார் என்பது நம் மார்க்கம் தரும் பாடம். ஆனால் யாருக்கு நன்றி சொல்வது என்று தெரிந்தால்தானே சொல்ல முடியும்?

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அஸீஸ் அவர்கள் கவலைப்பட்டது பணமில்லாததால் படிப்பை நிறுத்திய பையன்களைப் பற்றி. இன்று எங்கள் உயர்தர வகுப்புகளில் பெண் பிள்ளைகள் வரிசை நிறைந்திருக்கிறது, ஆண் பிள்ளைகளின் வரிசை குறைந்துகொண்டே வருகிறது. சாதாரண தரப் பெறுபேறு வருமுன்பே பையன் கடையில் நிற்கிறான், அல்லது கட்டாருக்குக் கடவுச்சீட்டு எடுக்கிறான். அவர்களில் சில வீடுகளில் உண்மையான வறுமை இருக்கிறது. பல வீடுகளில் இல்லை. வலீமாவுக்கு இலட்சக்கணக்கில் செலவழிக்கும் ஊரில், ஒரு பிள்ளையின் இரண்டு வருட உயர்தரச் செலவைப் பொறுப்பேற்க ஆளில்லை என்று ஒவ்வொரு தவணையும் கேட்க வேண்டியிருக்கிறது. ஊருக்கு ஒரு கல்விச் சங்கம் என்று 1942இல் ஓர் இளம் அதிகாரி ஓர் ஆண்டுக்குள் செய்து காட்டியதை, தொலைபேசியும் வங்கிக் கணக்கும் வாட்ஸ்அப் குழுமமும் உள்ள நாம் செய்வதற்கு என்ன தடை?

அவர் 1973 நவம்பர் 24ஆம் திகதி வபாத்தானார். வயது 62. அல்லாஹ் அவருடைய பணிகளை ஏற்றுக்கொள்வானாக.

ஏழு ஆண்டுகள் கழித்து, 1980இல், யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் அவருக்கு மறைவுக்குப் பின்னான கலாநிதிப் பட்டம் வழங்கிக் கௌரவித்தது. பிறந்த மண் தன் பிள்ளையை மறக்கவில்லை என்று சொல்லும்படி இருந்தது. ஆனால் அதற்கும் பத்து ஆண்டுகள் கழித்து, 1990 ஒக்டோபர் இறுதியில், அதே சோனகத் தெரு முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் சில மணி நேர அவகாசத்தில் வெளியேற்றப்பட்டார்கள். அஸீஸ் அவர்கள் பிறந்த தெரு வெறுமையானது. பிள்ளைகள் பாதியில் விட்ட படிப்பைப் புத்தளத்து ஓலைக் கொட்டில்களில் தொடர்ந்தார்கள். பலர் தொடரவில்லை. யுத்தம் முடிந்தபின் கொஞ்சம் கொஞ்சமாகக் குடும்பங்கள் திரும்பின. இப்போது அந்தத் தெருவில் காலையில் மீண்டும் சீருடைப் பிள்ளைகளைக் காணலாம். வைத்தீஸ்வரா அங்கிருந்து நடந்து போகக்கூடிய தூரத்தில்தான் இருக்கிறது.